மூச்சும் அமிலமும்



நெஞ்சு எரிந்தால் "அமிலம் கூடிவிட்டது" என்கிறோம். அது வயிற்றின் சங்கதி. இரத்தத்துக்கும் ஓர் அமில அளவு உண்டு; இம்முறை அதைப்பற்றிச் சற்று அறிந்துகொள்வோம்.

வைத்தியர்கள் இதைப் பி.எச். என்ற எண்ணால் சொல்லுகிறார்கள். எண் குறைந்தால் அமிலம் கூடியிருக்கிறது என்று பொருள். சுகமாயிருப்பவரின் தமனி இரத்தத்தில் இது 7.35-க்கும் 7.45-க்கும் இடையே நிற்கும். 7-க்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து. எவ்வளவு குறுகிய வரம்பு பாருங்கள்!

நம் சரீரத்திலோ அமிலம் பிறக்காத நிமிடமே இல்லை. உண்ட சோறு எரிந்து சக்தியாகும்போது கரியமிலவாயு உண்டாகிறது. அது நீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம். (சோடா நாக்கில் சுரீரென்று படுவதும் அதனால்தான்.) அமிலம் சற்றே கூடினாலும் மூளை அதை உணர்ந்து மூச்சை வேகப்படுத்தும், நுரையீரல் அந்த வாயுவை வெளியே தள்ளிவிடும். இது நிமிடங்களில் நடக்கிற காரியம். புரதத்திலிருந்து வரும் மற்ற அமிலங்களைச் சிறுநீரகங்கள் கழிக்கின்றன. பைகார்பனேட் என்னும் காரத்தை இரத்தத்தில் காத்தும் வைக்கின்றன. ஆனால் அவை நிதானமானவை. ஒரு குறையை ஈடுகட்ட அவற்றுக்குச் சில நாட்கள் பிடிக்கும்.

அதற்குள் மூச்சே தளர்ந்துவிட்டால்?

1952-ம் ஆண்டு டென்மார்க் தேசத்துக் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கடுமையாகப் பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத்தசைகள் செயலிழந்த முதல் 31 பேரில் 27 பேர் மூன்று நாட்களுக்குள் மரித்தார்கள். அவர்களுடைய இரத்தத்தில் பைகார்பனேட் மிகுந்திருந்தது. காரம் கூடிவிட்டது, காரணம் விளங்கவில்லை என்றே வைத்தியர்கள் எண்ணினார்கள்.

மயக்க மருந்து நிபுணரான பியோர்ன் இப்சன் வேறுவிதமாகப் பார்த்தார். கரியமிலவாயு வெளியேறாமல் தங்கினாலும் பைகார்பனேட் உயரும் அல்லவா? பிராணவாயு கொடுத்ததால் நோயாளிகள் நீலம் பாரிக்கவில்லை. உள்ளே அமிலம் பெருகியதை எவரும் காணவில்லை. ஆய்வகத் தலைவர் பௌல் ஆஸ்ட்ரப் பி.எச். அளந்தபோது உண்மை வெளிப்பட்டது. இரத்தத்தில் அமிலமே மிகுந்திருந்தது!

ஆகஸ்ட் 27-ம் தேதி, மரணத் தறுவாயிலிருந்த 12 வயதுச் சிறுமியின் மூச்சுக்குழலில் இட்ட துளை வழியே குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தினார் இப்சன். கரியமிலவாயு இறங்கியது. சிறுமி பிழைத்தாள்.

அத்தனை நோயாளிகளுக்கும் போதிய இயந்திரங்கள் ஏது? மருத்துவ மாணவர்கள் அழைக்கப்பட்டார்கள். சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து, மாதக்கணக்கில், இரவும் பகலும் கட்டிலருகே அமர்ந்து அந்தப் பைகளை அழுத்தினார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்த நிலை மாறி, அவ்வாண்டு முடிவதற்குள் பாதிக்கு மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர். இத்தனைக்கும் புதிய மருந்து ஒன்றும் கொடுக்கப்படவில்லை. காற்றுதான் மருந்து.

மறு ஆண்டே இப்சன் அந்நகரில் தீவிர சிகிச்சைப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். இன்று அத்தகைய பிரிவுக்கு ஒருவர் மூச்சுத்திணறி வந்தால், மணிக்கட்டுத் தமனியிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுக்கிறார்கள். பி.எச்., கரியமிலவாயு இரண்டும் சில நிமிடங்களில் தெரிந்துவிடுகின்றன.