போதும் என்று பாப்பா சொன்னால்

அன்புள்ள மகளுக்கு,

பெரியம்மா கோவில்பட்டியிலிருந்து எழுதுவது. நேற்று போனில், "பாப்பா ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கிறா பெரியம்மா, நான் என்ன தப்பு பண்றேன்னே தெரியலை" என்று நீ சொன்னது ராத்திரி முழுக்க மனசை உறுத்தியது. போனில் பதில் சொன்னால் நீயும் அழுவாய், பெரியம்மாவும் அழுவாள். அதனால்தான் கடிதம்.

டிசம்பரில் லீட்ஸில் உன் வீட்டுக்கு வந்திருந்தபோது பெரியம்மா கண்ட ஒரு சாயங்காலம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் நாட்கள் அவை. ஆறு மணிக்கு நர்சரியிலிருந்து வந்த குழந்தை, கோட்டைக் கழற்றியதும் சோபாவில் உட்கார்த்தி வைக்கப்பட்டாள். எதிரே போனில் பாட்டு. தாயின் கையில் பருப்புச் சோறு. ஐந்து வாய் இறங்கியது. ஆறாவது வாய்க்குத் தலையைத் திருப்பிக்கொண்டு "போது" என்றாள். கடைசி 'ம்' வரவில்லை. ஆனாலும் சொன்னது தெளிவாகத்தான் இருந்தது. "காக்காவுக்கு ஒரு வாய், தாத்தாவுக்கு ஒரு வாய்" என்று முக்கால் மணி நேரம் போனது. முடிவில் உள்ளே போனதெல்லாம் வெளியே வந்துவிட்டது. குழந்தையைக் கழுவித் தூங்க வைத்த தாய், தானும் சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

அந்தத் தாய் செய்தது தப்பு என்று பெரியம்மா சொல்லமாட்டாள். பெரியம்மாவும் தன் பிள்ளைகளுக்கு அப்படித்தான் ஊட்டினாள். ஆனால் அந்த 'போது'வைக் காதில் வாங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

குழந்தைக்கு ஒரு வயது தாண்டியதும் பசி குறைவது இயற்கை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையைப் பார். பெண் குழந்தையின் நடுத்தர எடை பிறக்கும்போது 3.2 கிலோ, முதல் பிறந்தநாளில் 8.9 கிலோ, இரண்டாவது பிறந்தநாளில் 11.5 கிலோ. முதல் வருஷம் ஐந்தரை கிலோவுக்கு மேல் ஏறிய உடம்பு, அடுத்த வருஷம் இரண்டரை கிலோ சொச்சம்தான் ஏறுகிறது. அதற்கேற்பத்தான் வயிறும் கேட்கும். முந்தின வருஷத்துக் கணக்கை வைத்துக்கொண்டு ஊட்டப்போனால் தினமும் சண்டைதான்.

"அது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் கணக்கு" என்று இங்கே உன் அம்மா சொன்னாள். அப்படி இல்லை. 2006-இல் வெளியான அந்த அட்டவணைக்காக பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தார்கள். நம் டெல்லிக் குழந்தைகளும் அதில் உண்டு. பிரிட்டனும் 2009 முதல் அதையே எடுத்துக்கொண்டது. பாப்பாவின் எடையைக் குறிக்க நர்ஸ் கொடுத்த சிவப்புப் புத்தகத்தில் உள்ள கோடுகள் அவைதான். பாப்பாவின் புள்ளிகள் ஒரே கோட்டை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தால், மெலிந்திருக்கிறாள் என்று யார் வாட்ஸாப்பில் சொன்னாலும் கலங்காதே. கோட்டைவிட்டு இறங்கினால் டாக்டரிடம் போ.

எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் 1983-இல் எழுதிய புத்தகத்தில் வேலையை இரண்டாகப் பிரிக்கிறார். என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெற்றவர் பாடு. சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தை பாடு. நம் வீடுகளில் குழந்தையின் வேலையையும் அம்மாவே இழுத்துப்போட்டுக்கொள்கிறாள். அதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடு.

இன்னொன்றும் கவனி. நர்சரியில் பன்னிரண்டு மணிக்கு முன்பே மதியச் சாப்பாடு. நாலு மணி வாக்கில் 'டீ' என்கிறார்கள். பேர்தான் டீ, கொடுப்பது பாஸ்தாவோ சாண்ட்விச்சோ. அதைத் தின்றுவிட்டு வரும் குழந்தை, ஆறரை மணிக்குச் சோறு வேண்டாம் என்பதில் என்ன ஆச்சரியம்? கூப்பிடப் போகும்போது அன்று எவ்வளவு சாப்பிட்டாள் என்று கேட்டுக்கொள். நன்றாகச் சாப்பிட்ட நாளில் பாதி இட்லியும் இரண்டு துண்டு வாழைப்பழமும் போதும்.

சோறு இறங்கவில்லையே என்று பாலை ஊற்றிவிடாதே. ஒரு வயதுக்குமேல் நாளைக்கு 350 மில்லி போல இருந்தால் போதும். புட்டி புட்டியாகக் குடித்தால் வயிறு பாலாலேயே நிறைந்துவிடும். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, ரத்தசோகை வரலாம். சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு இருக்கிறதே. 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம், பாலைப் போல மூன்று மடங்கு. வெல்லக்கூழாகத்தான் கொடுக்க வேண்டும் என்றில்லை, மெல்லிய அடையாகச் சுட்டுக் கையில் கொடு. வைட்டமின் டி மட்டும் சாப்பாட்டிலிருந்து போதுமான அளவு கிடைக்காது. ஒன்றிலிருந்து நாலு வயது வரை தினம் 10 மைக்ரோகிராம் சொட்டு மருந்து கொடுக்கச் சொல்கிறது அந்த ஊர்ச் சுகாதாரத் துறை. அந்த வெயிலில் நம் நிறத்துக்கு அது கட்டாயம்.

உப்பு விஷயம். மூன்று வயது வரை நாளைக்கு 2 கிராமுக்கு மேல் ஆகாது என்கிறார்கள். சாம்பாரில் உப்புப் போடுமுன் பாப்பாவுக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்துவிடு. முழுக் கடலை, முந்திரி எதுவும் ஐந்து வயது வரை வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கு. சுண்டலை நசுக்கிக் கொடு. நர்சரிக்கு வீட்டுச் சாப்பாடு கொடுத்தனுப்பினால் என்னென்ன போட்டாய் என்று எழுதிக் கொடுக்க மறக்காதே. ஒவ்வாமைக்காக அந்த நாட்டில் அறிவிக்க வேண்டிய 14 பொருள்களில் எள், நிலக்கடலையோடு கடுகும் ஒன்று. நாம் தாளிக்காத பதார்த்தம் ஏது?

இட்லி மாவு புளிக்கவில்லை என்று குளிர்காலம் முழுக்கப் புலம்பினாயே, அதற்கு ஒரு வழி. அடுத்த தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அம்மா செய்வதைப் பெரியம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள். உளுந்தோடு ஒரு ஸ்பூன் வெந்தயம் ஊறப்போட்டு அரைத்து, கையாலேயே நன்றாகக் கலந்தார். பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, சூட்டைப் போடாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டார். உளுந்தோடு வரும் நுண்ணுயிர்களுக்கு முப்பது டிகிரிப் பக்கம் வெதுவெதுப்பு வேண்டும். அந்தச் சின்ன விளக்கு அதைக் கொடுத்துவிடுகிறது. காலையில் கதவைத் திறந்தபோது மாவு மூடியை முட்டிக்கொண்டு நின்றது. வீடெல்லாம் புளிப்பு வாசனை. அந்த அம்மாவின் முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

அந்த மாவை ஆட்டுவது மாப்பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமை வேலையாக இருக்கட்டும். இங்கே உன்னை வளர்க்கும்போது உன் அம்மாவுக்கு ஆச்சி, சித்தி, பக்கத்து வீட்டு அக்கா என்று ஆறு கைகள் இருந்தன. அங்கே இருப்பது உங்கள் இரண்டு பேர் கைகள்தான். பருப்பை மொத்தமாக வேகவைத்து ஃப்ரீசரில் வை. சோற்றை மட்டும் வெளியே விட்டு வைக்காதே; வடித்து ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வை, மறுநாளைக்குள் தீர்த்துவிடு. முடியாத நாளில் ரொட்டியும் முட்டையும் கொடுத்தால் குற்றமில்லை. வீட்டுச் சாப்பாடு என்பது மூன்று பேரும் ஒரே மேசையில், போனை அணைத்துவிட்டு, ஒன்றைச் சாப்பிடுவது. அதற்குப் பத்து நிமிஷம் கிடைத்தால்கூடப் போதும்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அப்படி ஒரு வேளை அமைந்தது, ஞாபகமிருக்கிறதா? மாப்பிள்ளை தட்டில் பீன்ஸ் பொரியல். யாரும் பாப்பாவைக் கவனிக்கவில்லை. அதுவரை பத்துத் தடவையாவது துப்பிய அதே பீன்ஸை, அப்பா தட்டிலிருந்து எட்டி எடுத்தாள். உற்றுப் பார்த்தாள். நக்கினாள். ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவை மட்டும் தின்றுவிட்டு, பீன்ஸை அப்பா வாயில் திணித்தாள். இந்த வயதில் புதுக் காய்களைக் கண்டு பிள்ளைகள் மிரள்வது சகஜம். அடுத்த வாரமும் அவள் கை எட்டும் இடத்தில் பீன்ஸ் இருக்கட்டும், திணிக்காமல்.

வெள்ளிக்கிழமை பார்சல் அனுப்புகிறேன். முளைகட்டிய கேழ்வரகு மாவு இரண்டு கிலோ, உப்பில்லாத பருப்புப்பொடி பாப்பாவுக்குத் தனியாக, காரம் போட்டது உங்களுக்கு. நெய் கேட்டிருந்தாய், பால் பொருள்களை இங்கிருந்து அங்கே விடமாட்டார்கள். உப்பில்லாத வெண்ணெய் வாங்கி நீயே உருக்கு. இறக்கும்போது ரெண்டு முருங்கை இலை போட வேண்டும், அங்கே கிடைக்காவிட்டால் கறிவேப்பிலை போடு. பாப்பா 'போதும்' என்று 'ம்'மோடு முழுசாகச் சொன்னால் அன்றைக்கே போன் பண்ணு, எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன் பெரியம்மா