ஒரே கம்பியில் பேச்சும் இணையமும்

கேள்வி: அந்தக் காலத்து ஐ.எஸ்.டி.என். இணைப்பில் போன் பேசிக்கொண்டே இணையமும் பார்த்தார்களாமே, எப்படி?
– வாசகர், திருச்சி

பதில்: சாதாரண லேண்ட்லைனில் குரல் மின் அலையாகப் போகும். மோடம் போட்டு இணையத்துக்குள் நுழைந்தால் போன் ‘எங்கேஜ்டு’ ஆகிவிடும். ஐ.எஸ்.டி.என்.னில் குரலும் வீட்டிலேயே டிஜிட்டலாக மாறிவிடும். ஒரே ஜோடி செம்புக் கம்பியில் மூன்று தடங்கள். விநாடிக்கு 64 கிலோபிட் தடங்கள் இரண்டு: ஒன்றில் பேச்சு, மற்றதில் இணையம். அழைப்பு விவரங்களைச் சுமக்க 16 கிலோபிட் தடம் தனி. பேச்சில்லாத நேரத்தில் இரண்டையும் இணைத்தால் 128 கிலோபிட்; இரண்டு அழைப்புக்குக் கட்டணம் ஏறும். நம் ஊர் கம்பெனிகளுக்கு 30 தடங்கள் கொண்ட 2 மெகாபிட் லைன் இருந்தது. 2005-இல் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் அதே செம்புக் கம்பியில் இன்னும் வேகமாக வந்ததும், வீடுகளில் இதற்கு வேலையில்லாமல் போயிற்று.