விங் அப்புறம், வெளியேறும் வழி முதலில்

கேள்வி: மெல்போர்னில் வசிக்கிறேன். 1972 மாடல் டாட்சன் 240இசட் வைத்திருக்கிறேன். எஞ்சினை முழுதாகப் பிரித்து வேலை பார்த்தாயிற்று, குறையில்லாமல் ஓடுகிறது. ஆனால் ஹியூம் நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் முன்பக்கம் மிதப்பது போலிருக்கிறது, ஸ்டியரிங்கில் பிடிப்பு இல்லை. வெயில் நாட்களில் அதே வேகத்தில் டெம்பரேச்சர் முள்ளும் ஏறுகிறது. நகர நெரிசலில் ஏறுவதில்லை. போதாததற்கு, காருக்குள் புகை நாற்றம். நண்பர்கள் பின்னால் பெரிய விங் மாட்டு என்கிறார்கள். மெக்கானிக், பானட்டின் பின்பக்கத்தை வாஷர் வைத்து உயர்த்தினால் சூடு வெளியேறும் என்கிறார். ஜி-நோஸ் போடலாமா என்றும் ஓர் ஆசை. ஆண்டுக்குச் சில தடவை ஃபிலிப் தீவு பந்தயத் தடத்துக்கும் போவதுண்டு. காரின் அசல் உருவத்தை வெட்டிக் கெடுக்க மனமில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: விங் கடைசி. வாஷர் வேண்டவே வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். நீங்கள் மூன்றாவதாகச் சொன்ன புகை நாற்றம்தான் ஆபத்தானது, அதை இந்த வாரமே சரிசெய்யுங்கள்.

உங்கள் காரின் பின்புறம் சரிந்து இறங்கிச் சட்டென்று வெட்டிவிட்டது போல முடிகிறது. ஓடும்போது அந்த வெட்டுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த, சுழலும் காற்று எப்போதும் தொற்றிக்கொண்டு வரும். சைலன்சர் குழாய் புகையைக் கக்குவது அதற்குள்தான். ஹேட்ச் கதவின் ரப்பர் பீடிங்கிலோ, பின்விளக்குகளின் கேஸ்கெட்டிலோ, பின் தகட்டில் ஒயர் நுழையும் ஓட்டைகளிலோ இடைவெளி இருந்தால், புகை கேபினுக்குள் வந்துவிடும். நாற்றம் தாங்காமல் பக்கக் கண்ணாடியை இறக்கினால் இன்னும் மோசமாகும். ஜன்னல் வழியே கேபின் காற்று உறிஞ்சப்பட, அதை ஈடுகட்டப் பின்னாலிருந்து புகை வரும். முதல் வருடங்களில் வந்த 240இசட்களில் காற்று வெளியேறும் துளைகள் ஹேட்ச் கதவிலேயே இருந்தன. பிறகு நிறுவனமே அவற்றைப் பக்கத் தூணுக்கு மாற்றிவிட்டது. உங்கள் கார் மாற்றியபின் வந்தது, ஆகவே மிச்சமிருப்பது பீடிங்கும் கேஸ்கெட்டும்தான்.

ஒரு காகிதத் துண்டை ஹேட்ச் விளிம்பில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். சிரமமில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங் செத்துவிட்டது. இரவில் ஒருவர் உள்ளே டார்ச் அடிக்க, வெளியிலிருந்து பார்த்தாலும் ஓட்டைகள் தெரியும். எல்லாவற்றையும் மாற்றுங்கள், சைலன்சர் குழாய் பம்பரைத் தாண்டி வெளியே நீட்டியிருக்கட்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. நாற்றம் போனதும் ஆபத்தும் போய்விட்டது என்று நினைக்காமல், அதைக் காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கி உள்ளே வையுங்கள்.

இனி சூடும் மிதப்பும். இவை இரண்டும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நெரிசலில் சூடேறி நெடுஞ்சாலையில் தணிந்தால் கோளாறு விசிறியில். உங்களுக்கு நேர்மாறாக நடக்கிறது. ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளவில்லை, தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கிறது, கீழ் ஹோஸ் வேகத்தில் உறிஞ்சப்பட்டுச் சப்பிப்போகவில்லை என்று உறுதி செய்துகொண்டால், மிஞ்சுவது காற்றோட்டம். 240இசட்டின் முன்வாய் தேவைக்கு மேலேயே பெரியது. எனவே காற்று நுழையப் பஞ்சமில்லை. ஆனால் நுழைந்ததில் பெரும்பங்கு ரேடியேட்டரின் பக்கவாட்டிலும் மேலும் கீழும் உள்ள சந்துகளில் நழுவி, வேலை செய்யாமலே எஞ்சின் அறைக்குள் போய்விடுகிறது. அங்கிருந்து வெளியேற ஒழுங்கான வழியும் கிடையாது. கியர்பாக்ஸ் சுரங்கம் வழியாகக் காரின் வயிற்றுக்கு அடியில்தான் இறங்க வேண்டும். எதிர்ச்சுவரில் வழியில்லாத அறையில் ஜன்னலை எவ்வளவு திறந்தாலும் காற்று வராது அல்லவா, அதே கதைதான். உள்ளே தேங்கும் காற்று ரேடியேட்டரின் பின்முகத்தில் எதிர்த்து நிற்கிறது, அதனால் சூடு. அதே காற்று பானட்டை அடியிலிருந்து மேலே தள்ளுகிறது, அதனால் மிதப்பு.

எவ்வளவு தள்ளும்? ஒரு தோராயக் கணக்குப் போடலாம். முன்பரப்பு 1.7 சதுர மீட்டர், முன் அச்சின் தூக்குவிசைக் கெழு 0.2 என்று வைத்துக்கொண்டால், 110 கிலோமீட்டரில் முன் சக்கரங்களிலிருந்து 19 கிலோ எடை காணாமல் போகும். ஃபிலிப் தீவின் நேர்பாதையில் 180-ஐத் தொட்டால் 52 கிலோ. மொத்தமே ஆயிரம் கிலோவைச் சற்றுத் தாண்டிய கார் உங்களுடையது. அந்த வேகத்தில் முன் சக்கரங்களின் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. பாஸ் நீரிணையிலிருந்து பக்கக்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் 110-இல் 19 கிலோ மட்டுமே ஸ்டியரிங்கை இவ்வளவு தொளதொளப்பாக்காது. ஆகவே ஸ்டியரிங் ரேக் புஷ், முன் டென்ஷன் ராடு புஷ், சக்கர அலைன்மென்ட் மூன்றையும் பார்த்துவிடுங்கள். பின் ஸ்பிரிங் தளர்ந்து கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றாலும் காற்று அடியில் புகும். ஐம்பது வயதுக் காரில் பழியெல்லாம் காற்றின் மேல் போட முடியாது.

செலவே இல்லாத ஓர் அளவுகோல் இருக்கிறது. மெல்லிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் ஒரு பலகையில் கட்டி, சாயம் கலந்த தண்ணீர் ஊற்றி, பின்னால் மில்லிமீட்டர் அளவுத் தாள் ஒட்டுங்கள். ஒரு முனையிலிருந்து ரேடியேட்டருக்கு முன்னாலும், மறு முனையிலிருந்து பின்னாலும் குழாயை இழுத்துச் செல்லுங்கள். குழாயின் வாய் காற்றை நேராகப் பார்க்கக் கூடாது. நீங்கள் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் படிக்கட்டும். 100 கிலோமீட்டரில் எதிர்க்காற்றின் முழு அழுத்தம் தண்ணீர் மட்டத்தில் 47 மில்லிமீட்டர், 80-இல் 30. அதில் எத்தனை மில்லிமீட்டர் உங்கள் ரேடியேட்டருக்குக் கிடைக்கிறது என்பது கண்ணுக்கு முன்னால் தெரிந்துவிடும். பிறகு அலுமினியத் தகடும் அடர்ந்த ஸ்பாஞ்சும் கொண்டு, கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள எல்லாச் சந்துகளையும் அடையுங்கள். விசிறியைச் சுற்றிய கூடு இல்லையென்றால் அதையும் மாட்டுங்கள். மறுபடி அளந்து பாருங்கள். பலருக்கு இத்தோடு சூட்டுப் பிரச்சினை தீர்ந்துவிடும், காரின் தோற்றத்தில் ஒரு கீறல்கூட விழாமல்.

இப்போது வாஷர். விண்ட்ஷீல்டின் அடிப்பகுதியில் காற்று மோதித் தேங்குவதால் அங்கே அழுத்தம் அதிகம். உங்கள் காரில் கேபினுக்குக் காற்று எடுக்கும் கிரில் அங்கே இருப்பது அதனால்தான். 1969 கமாரோவில் ஷெவர்லே, எஞ்சினுக்குக் காற்றெடுக்கும் வாயையே அந்தப் பக்கம் திருப்பி வைத்தது. அங்கே பானட்டைத் தூக்கினால், வண்டி நிற்கும்போது சூடு வெளியேறும், உண்மைதான். வேகமாகப் போகும்போதோ காற்று வெளியிலிருந்து உள்ளே வரும். எஞ்சின் அறையின் அழுத்தம் இன்னும் ஏறும், ரேடியேட்டர் இன்னும் திணறும். உங்களுக்கு நெடுஞ்சாலையில்தானே தொல்லை? மெக்கானிக்கின் யோசனை அதைக் கூட்டத்தான் செய்யும்.

வழி திறக்க வேண்டிய இடம் பானட்டின் முன்பகுதி, ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால். மூக்கின் வளைவைத் தாண்டிக் காற்று வேகமெடுக்கும் அந்த இடத்தில் வெளி அழுத்தம் குறைவு. 1961-இல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பின் பானட்டில் லூவர்கள், அதாவது காற்று வெளியேறும் சாய்ந்த கீற்றுகள், உண்டு. அதன் உடலை வரைந்த மால்கம் சேயர் விமானத் தொழிற்சாலையிலிருந்து வந்தவர். டாட்சன்காரர்களும் 1977-இல் 280இசட் பானட்டில் லூவர் வைத்தார்கள். உங்கள் அசல் பானட்டைத் தொடாதீர்கள். பழையது ஒன்றை வாங்கி அதில் லூவர் அடித்து, அசலைத் துணி சுற்றிப் பரணில் வையுங்கள். அடிக்கும் முன், யு குழாயின் ஒரு முனையைப் பானட்டின் மேலும் மறு முனையைக் கீழும் வைத்து, வித்தியாசம் அதிகமுள்ள இடத்தைக் கண்டுபிடியுங்கள். இன்னொரு லாபமும் உண்டு. உங்கள் எஞ்சினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. வண்டியை நிறுத்திய பிறகும் சூடு மேலே ஏறி, பெட்ரோலை ஆவியாக்கும். லூவர் இருந்தால் அது தணியும்.

அடுத்து முன்பக்க ஏர் டேம், அதாவது முன் பம்பருக்குக் கீழே காற்றைத் தடுக்கும் ஸ்பாய்லர். 240இசட்டுக்கு இதைவிடப் பலன் தரும் ஒற்றைப் பாகம் எனக்குத் தெரியாது. வயிற்றுக்கு அடியில் புகும் காற்றைக் குறைக்கிறது, தனக்குப் பின்னால் அழுத்தத்தைத் தாழ்த்தி எஞ்சின் அறையின் காற்றைக் கீழே இழுக்கிறது. ஆக, சூட்டுக்கும் மிதப்புக்கும் ஒரே மருந்து. அமெரிக்காவில் பீட் பிராக்கின் பி.ஆர்.இ. அணி 'ஸ்பூக்' என்று பெயரிட்ட முன் ஸ்பாய்லரை இந்தக் காருக்காக உருவாக்கியது. 1970, 1971 இரு ஆண்டுகளிலும் ஜான் மார்டன் அந்த அணியின் 240இசட்டில் எஸ்.சி.சி.ஏ. பந்தய அமைப்பின் சி-புரொடக்‌ஷன் பட்டம் வென்றார். இந்த பிராக்தான் ஷெல்பி டேடோனா கூப்பேயின் வெட்டுவால் உடலையும் வரைந்தவர். அந்த வகை ஸ்பாய்லர் போல்ட்டில் மாட்டிக் கழற்றக்கூடியது, காலத்துக்கும் பொருந்துவது.

முன்னால் மட்டும் மாட்டி நிறுத்தாதீர்கள். முன்பக்கம் கவ்வ ஆரம்பித்ததும், வேக வளைவில் பின்பக்கம் ஒப்பீட்டில் லேசாகி வழுக்கும். ஹேட்ச் விளிம்பில் சிறிய வாத்துவால் ஸ்பாய்லர் அதைச் சமன் செய்யும். 1972-இல் போர்ஷே 911 கரேரா ஆர்எஸ்ஸுக்கு வைத்தது அதைத்தான். நண்பர்கள் சொல்லும் பெரிய விங்கில் வேறு சிக்கல்: அது பின் அச்சுக்கும் பின்னால் அழுத்துவதால், நெம்புகோல் போல முன்பக்கத்தை இன்னும் தூக்கும். உங்கள் குறையே முன்பக்கம்தானே.

எதைப் பொருத்தினாலும், ஹேட்ச் முழுக்கச் சிறு கம்பளி நூல்களை டேப்பால் ஒட்டி, இன்னொரு காரிலிருந்து வீடியோ எடுங்கள். நூல் படிந்து கிடக்கும் இடத்தில் காற்று ஒட்டி ஓடுகிறது, துடிக்கும் இடத்தில் பிரிந்துவிட்டது.

ஜி-நோஸ் விஷயம். 1971-இல் ஜப்பானில் பந்தய அனுமதிக்காக வந்த 240இசட்-ஜியின் நீண்ட மூக்கு அது. ஹெட்லைட்டுக்கு மூடியும் உண்டு. காற்றுத்தடை குறையும், சந்தேகமில்லை. ஆனால் உங்கள் குறைகளில் காற்றுத்தடை இல்லவே இல்லை. மூக்கு நீளும்போது முன்வாய்க்கும் ரேடியேட்டருக்கும் உள்ள தூரமும் நீள்கிறது; காற்று நழுவ இடம் கூடுகிறது. ஃபைபர் கிளாஸ் நகலை மாட்டிவிட்டு உள்ளே தகடு அடைக்காமல் விட்டால் முள் இப்போதைவிட மேலே ஏறும். அழகுக்காக வேண்டுமென்றால் மாட்டுங்கள், அது நியாயமான ஆசைதான். அடைப்புத் தகடுகளைப் புதிய நீளத்துக்கு வெட்டிய பிறகு மாட்டுங்கள். விளக்கு மூடியோடு சாலையில் ஓட்டலாமா என்று விக்டோரியாவில் அங்கீகாரம் பெற்ற பொறியாளர் ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.