கரண்டியில் எடுத்துச் சாப்பிடும் ஹாட் சாக்லேட்

தங்கச்சி, டிசம்பர் பாதி தாண்டினால் கொல்கத்தாவில் ராத்திரி 13 டிகிரி வரைக்கும் இறங்கும். சென்னையில் வளர்ந்த நமக்கு அது நல்ல குளிர். பார்க் ஸ்ட்ரீட்டில் கிறிஸ்துமஸ் விளக்கு போட்டதும் ஆபீஸ் தோழிகளோடு நீயும் கிளம்பத்தான் போகிறாய். தாராளமாகப் போய் வா. 1927-ல் ஒரு சுவிஸ் தம்பதி தொடங்கிய ஃப்ளூரிஸ் டீ ரூமில் கண்ணாடி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது இந்த ஊரின் பெரிய சுகங்களில் ஒன்று. ஆனால் நீ கேட்டது இத்தாலிக்காரர்கள் சின்னக் கப்பில் வாங்கிக் கரண்டியால் எடுத்துச் சாப்பிடும் கெட்டி சாக்லேட்டை. அதை வீட்டில்தான் செய்ய வேண்டும், செய்த கையோடு சாப்பிட வேண்டும். கால் மணி நேர வேலைதான். உன் இண்டக்‌ஷன் அடுப்பே போதும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். இந்தச் சாக்லேட்டில் இரண்டு குணங்கள் உண்டு. கெட்டியாக இருப்பது ஒன்று, நாக்கில் செழுமையாகக் கரைவது இன்னொன்று. கெட்டித்தன்மையைத் தருவது கார்ன்ஃப்ளார். செழுமையைத் தருவது நல்ல சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய். ஒன்று செய்ய வேண்டிய வேலையை மற்றதன் தலையில் கட்டினால் கெட்டுப்போகும். கெட்டியாக வரவில்லையே என்று பாலை மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சினால் பால்கோவா வாசனை வந்து சாக்லேட் வாசனை ஓடிவிடும். சாக்லேட்டைக் குறைத்துக் கார்ன்ஃப்ளாரைக் கூட்டினால் பசை மாதிரி ஆகிவிடும். பாக்கெட்டில் வரும் டிரிங்கிங் சாக்லேட்டில் பெரும்பங்கு சர்க்கரைதான். அதைப் போட்டால் தித்திப்பு ஏறும், செழுமை வராது. அதை வாங்காதே.

இரண்டு பேருக்கு அளவு சொல்கிறேன். பால் 300 மில்லி. டார்க் சாக்லேட் 60 கிராம். சர்க்கரை சேர்க்காத கோகோ பவுடர் 2 டேபிள்ஸ்பூன். கார்ன்ஃப்ளார் 1 டேபிள்ஸ்பூன், குவிக்காமல் தலைதட்டி, சுமார் 8 கிராம் வரும். சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன், சாக்லேட்டின் கசப்பைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். இரண்டு விரலால் எடுக்கிற அளவு உப்பு. உப்பை விட்டுவிடாதே, அது இல்லாவிட்டால் சாக்லேட் மொட்டையாக இருக்கும்.

கடையில் சாக்லேட் வாங்கும்போது முன்பக்கப் படத்தைப் பார்த்து ஏமாறாதே, பின்னால் திருப்பிப் படி. கோகோ சாலிட்ஸ், கோகோ பட்டர் என்று இருந்தால் வாங்கு. ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்பு என்று இருந்தால் அது காம்பவுண்ட். கேக் மேல் பூசவும் அச்சில் ஊற்றவும் அது சுலபம், விலையும் குறைவு. ஆனால் அந்தக் கொழுப்பு நம் உடம்புச் சூட்டில் முழுதாக உருகாது, குடித்த பிறகு மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். கோகோ வெண்ணெய் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் கீழேயே உருகிவிடும், அதனால்தான் நல்ல சாக்லேட் வாயில் வைத்ததும் கரைகிறது. முதல் தடவைக்கு அமுல் டார்க் 55 சதவீதம் போதும், எந்தப் பலசரக்குக் கடையிலும் கிடைக்கும். கசப்பு பிடித்துவிட்டால் அடுத்து 70, 75 சதவீதத்துக்குப் போ. நம் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு நிழலில் கோகோ விளைகிறது. அந்தக் கொட்டையிலேயே அங்கேயே செய்கிற சாக்லேட்டும் இப்போது வருகிறது. ஊருக்குப் போய்த் திரும்பும்போது இரண்டு பட்டை எடுத்து வந்தால் எனக்கு ஒன்று.

கார்ன்ஃப்ளாரில் கவனம். நம் வீடுகளில் இதைச் சோள மாவு என்றே சொல்லிப் பழக்கம். இங்கே கடைக்காரரிடம் மக்காச்சோள மாவு என்று கேட்டால் ரொட்டி சுடும் மஞ்சள் மாவை எடுத்துத் தந்துவிடுவார். உனக்கு வேண்டியது வெள்ளை வெளேரென்று, விரலில் தேய்த்தால் கிறீச்சிடும் மாவு. இன்னொன்று, வங்காளிச் சமையலறையில் ஆராரூட் எப்போதும் இருக்கும். வீட்டுக்காரம்மா அன்பாக எடுத்துக் கொடுப்பார். வாங்கி வைத்துக்கொள், வேறு சமையலுக்கு ஆகும், இதற்கு வேண்டாம். ஆராரூட் தண்ணீரில் கண்ணாடி மாதிரி அழகாகக் கெட்டிப்படும். பாலில் சேர்த்தால் வெண்டைக்காய் மாதிரி வழவழத்துப் போகும்.

பால் விஷயத்தில் என் கருத்து பலருக்கு ஒப்பாது. ஹாட் சாக்லேட் என்றதும் 6 சதவீதக் கொழுப்புள்ள ஃபுல் க்ரீம் பாலைத் தேடுகிறார்கள். 60 கிராம் சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெயே போதுமான கொழுப்பு. அதோடு பால் கொழுப்பும் கூடினால் சாக்லேட் வாசனை மங்கி, பாதிக் கப்பிலேயே திகட்டிவிடும். 3 சதவீத டோன்டு பாலோ 4.5 சதவீதப் பாலோ வாங்கு. க்ரீமை மேலே வைத்துக்கொள்வோம், உள்ளே வேண்டாம்.

இப்போது செய்முறை. சாக்லேட்டைக் கத்தியால் பொடியாகச் சீவித் தயாராக வை. அடி கனமான பாத்திரத்தில், அடுப்பு பற்ற வைப்பதற்கு முன்னால், கோகோ, கார்ன்ஃப்ளார், சர்க்கரை, உப்பு நான்கையும் உலர்வாகக் கலந்துகொள். கோகோவுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது, மேலே மிதந்து உருண்டை உருண்டையாக நிற்கும். சர்க்கரைத் துகள்கள் அதைப் பிரித்து வைக்கும். பிறகு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலில் கால் தம்ளர் மட்டும் விட்டு, கட்டியில்லாமல் விழுதாகக் குழை. அம்மா கேழ்வரகுக் கூழுக்குப் பச்சைத் தண்ணீரில் மாவைக் கரைத்துவிட்டு அடுப்பேற்றுவாளே, அதே பக்குவம். சூடான பாலில் மாவைக் கொட்டினால் ஒவ்வொரு உருண்டையும் வெளிப்பக்கம் வெந்து உள்ளே பச்சை மாவாக மாட்டிக்கொள்ளும், அப்புறம் எந்தக் கரண்டியாலும் உடையாது. விழுது மழமழவென்று வந்ததும் மீதிப் பாலை விடு.

மிதமான சூட்டில் வைத்துக் கம்பி விஸ்க்கால் கிளறிக்கொண்டே இரு. விஸ்க் இல்லையென்றால் ஊரிலிருந்து கொண்டுவந்த சின்ன மர மத்து போதும். சாக்லேட் பிறந்த மெக்சிகோவில் அதைக் கடைவதே மத்து மாதிரி ஒரு மரக் கருவியால்தான், உள்ளங்கை இரண்டுக்கும் நடுவில் வைத்து உருட்டுவார்கள். அவர்களுக்கு நுரை வேண்டும், நமக்கு வேண்டாம். அதனால் கடையாதே, அடியைச் சுரண்டிச் சுற்று. பாத்திரத்தின் மூலைகளில்தான் மாவு போய்ப் படியும். இண்டக்‌ஷனில் சுருளுக்கு மேலே உள்ள இடம் மட்டும் சீக்கிரம் சூடேறி அடிப்பிடிக்கும், அதனால் பாத்திரத்தை அவ்வப்போது சற்று நகர்த்தி வை.

நாலைந்து நிமிஷம் ஒன்றுமே நடக்காது. பொறுமை இழந்து கார்ன்ஃப்ளாரை இன்னும் ஒரு கரண்டி போடுவது இந்த நேரத்தில்தான். போடாதே. மாவு 65 டிகிரிக்கு மேல்தான் ஊதத் தொடங்கும், கொதிநிலையை நெருங்கும்போதுதான் முழுக்கக் கெட்டிப்படும். ஓரத்தில் ஆவி வந்து, நடுவில் தடித்த குமிழி மெதுவாக எழும்பி உடையும். அந்த முதல் குமிழியிலிருந்து ஒரு நிமிஷம் கொதிக்கவிடு. அதற்கு முன்னால் இறக்கினால் பச்சை மாவு வாசனை இருக்கும், நாக்கில் நெறநெறக்கும். கூடுதல் நேரம் போட்டுக் கலக்கினாலோ ஊதிய மாவு உடைந்து மறுபடி நீர்த்துவிடும். ஒரு நிமிஷம் கணக்காகப் போதும்.

அடுப்பை அணை. இப்போதுதான் சாக்லேட். சீவியதை ஒரே தடவையில் போட்டு, அரை நிமிஷம் தொடாமல் விட்டுப் பிறகு கிளறு. நேரடிச் சூடு சாக்லேட்டுக்குப் பகை, கரிந்த வாடை வந்துவிடும். சாக்லேட்டைத் தனியாக உருக்கி அதில் பாலைச் சொட்டுச் சொட்டாக விடுவதும் வேண்டாம். உருகிய சாக்லேட்டில் கொஞ்சமே ஈரம் பட்டால் இறுகி மண்ணாகிவிடும். நிறைய பாலில் சாக்லேட் விழும்போது அந்தத் தொல்லை கிடையாது. நன்றாகக் கலந்ததும் கரண்டியின் பின்பக்கம் தோய்த்து விரலால் ஒரு கோடு இழு. கோடு மூடாமல் நின்றால் பதம். மூடிக்கொண்டால் சிம்மில் வைத்து இன்னும் அரை நிமிஷம் கிளறு. ஒன்று சொல்லிவைக்கிறேன், கப்பில் ஊற்றி ஆற ஆற இன்னும் கெட்டியாகும். அதனால் பாத்திரத்தில் இருக்கும்போது கொஞ்சம் தளர்வாக இருப்பதே நல்லது.

கப் சின்னதாக இருக்கட்டும். 300 மில்லியை இரண்டு பேர் எடுத்துக்கொள்வதே தாராளம். ஊற்றுவதற்கு முன் வெந்நீர் விட்டுக் கப்பைச் சூடாக்கிக் கொட்டிவிடு. தெருமுனை டீக்கடை மண் குவளையில் ஊற்றிக் குடிக்க ஆசை வரும். டீக்கு அந்த மண் வாசனை அவ்வளவு பொருத்தம், சாக்லேட்டின் வாசனையையோ அது அமுக்கிவிடுகிறது. பீங்கான் போதும். மேலே க்ரீம் வைக்க வேண்டும் என்றால், சாதாரண அமுல் ஃபிரெஷ் க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான், எவ்வளவு அடித்தாலும் நுரைத்து நிற்காது. அடிக்க வேண்டாம், நன்றாகக் குளிர வைத்து ஒரு கரண்டி அப்படியே மேலே விடு. சாக்லேட் கெட்டியாக இருப்பதால் அது மிதக்கும். சூடும் குளிர்ச்சியும் ஒரே கரண்டியில் வரும்போது அருமையாக இருக்கும். நியூ மார்க்கெட் கேக் சாமான் கடைகளில் தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் க்ரீம் கிடைக்கும். அதில் ஏற்கெனவே சர்க்கரை இருக்கும், இதோடு சேராது. நியூ மார்க்கெட் போனால் 1902-ல் தொடங்கிய நாஹூம்ஸில் ஒரு ப்ளம் கேக் துண்டு வாங்கி வா, அதுதான் இதற்குச் சரியான துணை.

இந்த ஊருக்கும் இத்தாலிக்கும் இதில் ஒரு பழைய உறவு உண்டு. இத்தாலியில் சாக்லேட்டுக்குப் பேர் போன ஊர் தூரின். அதன் பக்கத்து ஊரான கரிஞ்ஞானோவிலிருந்து ஃபெடரிகோ பெலிட்டி என்ற இனிப்புக் கலைஞர் 1869-ல் வைஸ்ராய் மேயோ பிரபுவுக்காக இங்கே வந்தார். மேயோ 1872-ல் அந்தமானில் கொல்லப்பட்ட பிறகும் பெலிட்டி ஊர் திரும்பவில்லை. கல்கத்தாவிலும் சிம்லாவிலும் அவர் நடத்திய கடைகள் அந்தக் காலத்தில் ஊரே பேசிய இடங்கள். பின்னால் சௌரங்கியில் ஆஞ்செலோ ஃபிர்போ என்ற இன்னொரு இத்தாலியரின் உணவகமும் கொடிகட்டிப் பறந்தது. ஆக, தூரின்காரர் கைப்பக்குவத்தை இந்த ஊர் நூற்றைம்பது வருஷம் முன்னாலேயே ருசித்தாயிற்று.

அதே தூரினில் 1763-லிருந்து இருக்கும் அல் பிச்செரின் என்ற சின்னக் கடையில், கண்ணாடி கிளாஸில் அடியில் கெட்டி சாக்லேட், அதன் மேல் காபி, அதற்கும் மேல் க்ரீம் என்று அடுக்கித் தருவார்கள். கலக்கக் கூடாது, அடுக்கோடு அடுக்காகக் குடிக்க வேண்டும். பிச்செரின் என்றே அதற்குப் பெயர். இதற்கு நம்மைவிடத் தோது யாருக்கு? லேக் மார்க்கெட்டில் நம் காபிப் பொடி கிடைக்கிறது, உன்னிடம் ஃபில்டர் இருக்கிறது. சிக்கரி இல்லாத பொடியில் முதல் டிகாக்‌ஷனை எடு. சின்ன கிளாஸில் பாதிவரை சாக்லேட் ஊற்றி, கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகு வழியாகச் சூடான டிகாக்‌ஷனை மெதுவாக விடு, மேலே க்ரீம். அவ்வளவுதான். அடுக்கு வைக்கும் பொறுமை இல்லாத நாளில், பாத்திரத்திலேயே ஒரு டேபிள்ஸ்பூன் டிகாக்‌ஷன் சேர்த்தாலும் சாக்லேட்டின் ருசி ஆழமாகும், காபி என்று யாருக்கும் தெரியாது.

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை கொல்கத்தாவில் இருக்கிறவர்களுக்கு மட்டும் வாய்க்கிற பாக்கியம் நோலன் குர், அந்த ஈச்சம்பனை வெல்லம். சர்க்கரைக்குப் பதில் கட்டி வெல்லம் 30 கிராம் சீவிப் போட்டுப் பார். அதன் லேசான புகை வாசனையும் டார்க் சாக்லேட்டின் கசப்பும் ஒன்றுக்காகவே ஒன்று பிறந்ததுபோல் சேரும். ஆனால் வெல்லத்தில் புளிப்புத்தன்மை இருக்கும், கொதிக்கிற பாலில் போட்டால் திரிந்துவிடும். பக்கத்து வீட்டு வங்காளி அம்மாக்கள் பாயேஷ் என்ற அவர்கள் பாயசத்தைச் செய்யும்போது கவனி, அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான் வெல்லம் சேர்ப்பார்கள். நீயும் அப்படியே, சாக்லேட் கரைந்த பிறகு கடைசியாகச் சேர். இந்த முறையில் முதலில் சர்க்கரை இல்லாததால் கோகோவையும் கார்ன்ஃப்ளாரையும் பாலில் குழைக்கும்போது இன்னும் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். வெல்லத்தைத் தெருவோரமாக வாங்கும்போது முகர்ந்து பார்த்து வாங்கு. வாசனை இல்லாமல் வெறும் தித்திப்பாக இருந்தால் சர்க்கரை கலந்தது.

மிச்சம் இருந்தால் மேலே ஆடை படியும். அதைத் தவிர்க்க, சூடாக இருக்கும்போதே ஒரு தட்டை மேலே ஒட்டினாற்போல் மூடு. ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் புட்டிங்காக உறைந்திருக்கும், அப்படியே சாப்பிடலாம். திரும்ப ஹாட் சாக்லேட்டாக வேண்டுமென்றால் இரண்டு கரண்டி பால் விட்டு, சிம்மில் வைத்துக் கிளறு. பாத்திரத்தில் வெந்நீர் விடாதே, ஒட்டிய மாவு இன்னும் இறுகிவிடும். பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போ, காலையில் தானே கழன்று வரும்.