மாரிக்குளிரும் மாட்டுப் பட்டியும்

கமக்காரர்களே! 2022 டிசெம்பரில் வங்கக் கடலில் 'மாண்டஸ்' புயல் எழுந்தபோது, வடக்கு, கிழக்கு மாகாணங்களில் மழையுடன் கடுங்குளிர்காற்று வீசிற்று. சில நாள்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் மாண்டன.

உலர்ந்த மாடு குளிரைத் தாங்கும். நனைந்த மாட்டின் உடற்சூட்டைக் காற்று விரைவிற் கவர்ந்துவிடும். கன்றுகளும் மெலிந்தவைகளுமே முதலில் வீழும்.

ஆகவே, மாரி தொடங்குமுன் பட்டியை மேட்டுநிலத்துக்கு மாற்றுக. வாடைக்காற்று வரும் வடபுறத்தைக் கிடுகினால் மறைத்து, மேலே கூரையிடுக. தரையில் உலர்ந்த வைக்கோலைப் பரப்புக. மாலையில் மாட்டுக்கு வயிறார வைக்கோல் கொடுத்தல் நன்று. அது இரைப்பையிற் செரிக்கையில் உடற்சூடு பிறக்கும். நடுங்கும் கன்றை உலரத் துடைத்துச் சாக்கினாற் போர்த்துக. விழுந்த மாட்டைத் தாமதியாது மிருக வைத்தியருக்குக் காட்டுக.

கிடுகையும் வைக்கோலையும் இன்றே சேர்த்து வையுங்கள். புயல் எச்சரிக்கைக்குப் பின் தேடினால் அவை அகப்படா.