பெரிய வித்வானா, நல்ல வாத்தியாரா?

சென்னையில் வயலினுக்கோ வீணைக்கோ கீபோர்டுக்கோ வாத்தியார் வேண்டுமென்றால் அதிகம் அலைய வேண்டாம். பக்கத்துத் தெருவில் ஒருவர் இருப்பார். இல்லையென்றால் அவருடைய மாணவர் அடுத்த தெருவில் இருப்பார். செல்லோவுக்கு அந்த வசதி இல்லை. சினிமாப் பாட்டில் சோகம் கனக்கும் இடங்களில் அடிக்குரலில் இழையும் அந்த வாத்தியத்தைப் பெயர் தெரியாமலே எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். வாசிப்பவரை நேரில் பார்த்தவர்கள் குறைவு. “என் பொண்ணு செல்லோதான் வேணும்ங்கறா, யாராவது தெரியுமா?” என்று ஒரு அம்மா அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் கேட்டால், பெயர் ஒன்றிரண்டு வரும், அறிவுரை இருபது வரும்.

எந்த வாத்தியத்துக்கு வாத்தியார் தேடினாலும் வந்து விழுகிற அறிவுரைகள்தான் அவை. பாதி சரி, பாதி தப்பு. அந்தத் தப்பான பாதி பணத்தோடு பிள்ளையின் இரண்டு மூன்று வருடங்களையும் சேர்த்து விழுங்கிவிடும்.

“பெரிய ஆள்கிட்ட போனாத்தான் பெரிய ஆளாகலாம்”

இதை எல்லோரும் நம்பியிருந்தால் தன்ராஜ் மாஸ்டரிடம் யாரும் போயிருக்க மாட்டார்கள். மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறையில் இருந்துகொண்டு மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்தவர் அவர். வெளியுலகில் பெரிதாகப் பெயர் அடிபடாதவர். 1960களின் கடைசியில் சென்னைக்கு வந்த இளையராஜா மேற்கத்திய இசையை முறையாகப் படித்தது அவரிடம்தான். பிற்பாடு ஏ.ஆர். ரஹ்மானும் அவரிடம் படித்தார்.

வடக்கே அன்னபூர்ணா தேவி இதற்கு இன்னும் நல்ல உதாரணம். சுர்பகார் என்ற தந்தி வாத்தியத்தின் கலைஞர். மேடையை விட்டு விலகி, மும்பையில் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு சொல்லிக்கொடுத்தார். அவரைத் தேடிப் போன ஹரிபிரசாத் சௌராசியா அப்போதே வானொலிக் கலைஞராகப் பெயர் எடுத்தவர். முதலிலிருந்து தொடங்கத் தயார் என்று காட்டுவதற்காகப் புல்லாங்குழலை வலப்பக்கம் பிடிக்கும் பழக்கத்தையே விட்டு இடப்பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் டோரதி டிலே என்ற அம்மையார் மேடை வாழ்க்கையை விட்டுவிட்டு வயலின் கற்பித்தார். இட்சாக் பெர்ல்மன், மிடோரி, கில் ஷாஹாம் எல்லோரும் அவரிடம் படித்தவர்கள்.

வாசிப்பது ஒரு திறமை. இன்னொருவர் கையைப் பார்த்து, எந்த விரல் இறுகிப்போனதால் சுருதி விலகுகிறது என்று கண்டுபிடிப்பது வேறொரு திறமை. சின்ன வயதிலேயே வித்தை கைவந்தவர்களில் சிலருக்கு, அது எப்படி வந்தது என்பதே மறந்துபோயிருக்கும். “நான் வாசிக்கிறதைப் பாரு, அப்படியே வாசி” என்பதற்கு மேல் அவர்களால் சொல்ல முடியாது. மார்கழி வந்தால் வகுப்பும் இருக்காது. அதற்காக மேடைக் கலைஞர்களே வேண்டாம் என்று முடிவுகட்டவும் வேண்டியதில்லை. ஜாக்குலின் டு ப்ரே என்ற செல்லோ மேதையைப் பத்து வயதிலிருந்து உருவாக்கிய வில்லியம் ப்ளீத் நல்ல கச்சேரிக் கலைஞரும்கூட.

ஆகவே வாத்தியாரின் கச்சேரி வீடியோவைப் பார்ப்பதைவிட, அவரிடம் இரண்டு வருடம் படித்த ஒரு சுமாரான மாணவர் வாசிப்பதைக் கேட்பது உபயோகம். சூட்டிகையான பிள்ளை எங்கே விட்டாலும் தேறிவிடும். சுமாரான பிள்ளையின் கையில் வாத்தியாரின் உழைப்பு தெரியும்.

“வயலின் சாரே செல்லோவும் எடுப்பார்”

சில சின்ன மியூசிக் ஸ்கூல்களில் தாராளமாகச் சொல்லப்படும் வாக்கியம் இது. வயலினைப் பெரிதாக்கினால் செல்லோ என்ற எண்ணம்தான் காரணம்.

வயலினில் தந்தியின் அதிரும் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். செல்லோவில் ஏறக்குறைய 69. இந்த ஒரு வித்தியாசமே இடது கையின் கணக்கை மாற்றிவிடுகிறது. ‘டி’ தந்தியில் டி, ஈ, எஃப் ஷார்ப், ஜி என்று ஏறும்போது வயலினில் வெறுந்தந்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல்கள் வரிசையாக விழும். செல்லோவில் வெறுந்தந்தி, ஒன்று, மூன்று, நான்கு. இரண்டாம் விரலைத் தாண்ட வேண்டும், ஏனென்றால் முதல் பொசிஷனில் சாதாரணமாக அடுத்தடுத்த விரல்களுக்கு நடுவே அரை ஸ்வர இடைவெளிதான். மேல் ஸ்தாயிக்குப் போனால் கட்டைவிரலையே தந்திமேல் வைத்து வாசிக்க வேண்டும்; வயலினில் இந்தப் பழக்கம் இல்லை. செல்லோ வில் வயலின் வில்லைவிடக் குட்டை, ஆனால் கனம் கூடுதல். வயலினில் வில் தந்தியின் மேல் தானாக அமர்கிறது. செல்லோவில் தந்தி நிமிர்ந்து நிற்பதால், முதுகிலிருந்து வரும் கையின் கனத்தைப் பக்கவாட்டில் கொண்டுசேர்க்கப் பழக வேண்டும்.

இரண்டையும் முறையாகப் படித்தவர் தாராளமாக இரண்டையும் சொல்லித்தரலாம். வயலின் மட்டும் தெரிந்தவரிடம் போகும் குழந்தை நான்கு பாட்டு வாசிக்கும், கை மட்டும் கெட்டுப்போகும்.

வயலினுக்குள்ளேயே இன்னொரு குழப்பம் இருக்கிறது. பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் கர்நாடக சங்கீதத்துக்குள் வந்த வயலின், இங்கே வேறொரு வாத்தியமாகவே ஆகிவிட்டது. தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையை வலது பாதத்தில் ஊன்றி, தந்திகளை ச-ப-ச-ப என்று சுருதி சேர்த்து வாசிக்கிறார்கள். வாத்தியத்தைத் தாங்கும் வேலை இல்லாததால் இடது கை கமகத்துக்கு வழுக்கி ஓடுகிறது. மேற்கத்திய முறையில் தாடைக்குக் கீழே பிடித்து ஜி-டி-ஏ-ஈ. பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் சேர நினைக்கும் பிள்ளையைக் கர்நாடக வயலின் குருவிடம் சேர்த்துவிட்டு, ஒரு வருடம் கழித்து “நோட்ஸ் பார்த்து வாசிக்கத் தெரியலையே” என்று கேட்டால், அது அவர் தப்பில்லை. எந்த முறை என்று முதல் போனிலேயே கேட்டுவிடலாம்.

கை ஒழுங்காக அமைந்த பிறகு வாத்தியம் ஒரு தடையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் பிறந்த சாஸ்கியா ராவ்-டி ஹாஸ் செல்லோவில் இந்துஸ்தானி வாசிக்கிறார். அவருடைய குருமார்களில் ஒருவர் புல்லாங்குழல் கலைஞர் ஹரிபிரசாத் சௌராசியா. செல்லோ வாசிப்பை முன்பே படித்துவிட்டு, இந்துஸ்தானி இசைக்காக அவரிடம் போனவர் சாஸ்கியா.

“எட்டாவது கிரேடு முடிச்சவர், வேறென்ன வேணும்?”

டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற இரண்டு லண்டன் அமைப்புகளின் தேர்வுகளையும் நம் பிள்ளைகள் எழுதுகிறார்கள். இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கியவை, மதிப்புள்ளவை. ஆனால் எட்டாவது கிரேடு மாணவருக்கான உச்சப் படி. இசைக் கல்லூரியில் சேரக் கிட்டத்தட்டத் தயார் என்று அர்த்தம். சொல்லிக்கொடுப்பதற்கு டிப்ளமோக்கள் தனியாக இருக்கின்றன. அதுவும் கட்டாயமில்லை. தனியாக இசை வகுப்பு எடுக்க இந்தியாவில் உரிமம் எதுவும் தேவையில்லை, பிரிட்டனிலும் அப்படித்தான். போர்டு மாட்டினால் வாத்தியார்.

“ஒவ்வொரு வருஷமும் ஒரு கிரேடு” என்று உறுதி தருபவரிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. வழக்கமான தேர்வுக்கு மூன்று உருப்படி போதும் என்பதால், வருடம் முழுக்க அந்த மூன்றையே அரைத்து முடிப்பார்கள். சான்றிதழ் சட்டத்துக்குள் தொங்கும், புதிதாக ஒரு தாளை நீட்டினால் பிள்ளை விழிக்கும். “தேர்வுப் பாட்டு தவிர இந்த வருஷம் என்னென்ன வாசிச்சீங்க?” என்று அவருடைய பழைய மாணவர்களைக் கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும்.

“ஏழு வயசு தாண்டினா போச்சு”

செல்லோ மேதை பாப்லோ காசல்ஸ் அந்த வாத்தியத்தைத் தொட்டது பதினொரு வயதில். மூன்று வயதுப் பிள்ளைக்கும் வயலின் சொல்லித்தரலாம் என்று உலகத்தை நம்பவைத்த ஜப்பானியர் ஷினிச்சி சுசுகியே, வயலின் கலைஞர் மிஷா எல்மனின் இசைத்தட்டைக் கேட்டுவிட்டு, பதினேழு வயதுவாக்கில்தான் வயலினைக் கையில் எடுத்தார். அவர் அப்பா வைத்திருந்ததோ வயலின் தொழிற்சாலை! அமெரிக்கக் கல்வி எழுத்தாளர் ஜான் ஹோல்ட் செல்லோவுக்கு வந்தபோது வயது நாற்பது வாக்கில். அதைப் பற்றி 1978இல் ‘நெவர் டூ லேட்’ என்று ஒரு புத்தகமே எழுதினார். பெரிய ஆர்கெஸ்ட்ராவில் தொழிலாக வாசிக்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் சிறு வயதிலேயே தொடங்கிவிடுகிறார்கள் என்பது உண்மை. எல்லோரும் அதற்காகவா வருகிறார்கள்?

“வலிச்சாத்தான் வித்தை வரும்”

இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை இதுதான். காசல்ஸ் படித்த காலத்தில் வில் பிடிக்கும் கை உடம்பை விட்டு விலகக்கூடாது என்று அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு பழகச் சொல்வார்கள். அவர் அதை உதறிவிட்டுக் கையைத் தளர்த்தி வாசித்தார். இன்று உலகம் முழுக்க அவர் வழிதான். விரல் நுனி முதல் சில வாரம் எரிவது இயல்பு. மணிக்கட்டு, தோள், கட்டைவிரல் அடி வலித்தால் எங்கேயோ பிடி தப்பு.

மாதிரி வகுப்பில் பெற்றோர் கவனிக்க வேண்டியதும் இதைத்தான். நல்ல செல்லோ ஆசிரியர் முதலில் நாற்காலியைப் பார்ப்பார். கை வைக்காத நாற்காலி, இரண்டு பாதமும் தரையில் பதியும் உயரம், தொடை முன்பக்கம் லேசாகச் சரிய வேண்டும். பிறகு குனிந்து, அடியில் இருக்கும் கம்பியின் நீளத்தைப் பிள்ளையின் உயரத்துக்கு ஏற்ப இழுத்து மாட்டுவார். மேல்விளிம்பு நெஞ்சில் மெதுவாகச் சாய்ந்து, ‘சி’ தந்தியின் முறுக்காணி இடது காதுக்குப் பின்னால் வரும்வரை விடமாட்டார். வில்லைக் கொடுத்ததும் கட்டைவிரல் வளைந்திருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்ப்பார். அரை மணியில் பாதி இதிலேயே போய்விடும். பிள்ளை ஒரு பாட்டும் வாசிக்காமல் வீடு திரும்பும். வந்த அன்றே ‘ஹேப்பி பர்த்டே’ வாசிக்க வைத்து அனுப்புபவரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

“ஆன்லைன்லயே படிச்சுக்கலாம்”

கோயம்புத்தூரிலோ திருநெல்வேலியிலோ இருப்பவர்களுக்கு வேறு வழி இல்லாமலும் போகலாம். ஆனால் நாற்காலி, கம்பி, கட்டைவிரல் விவகாரத்தைத் திரை வழியாகத் திருத்துவது கஷ்டம். முதல் சில மாதங்களாவது அவ்வப்போது பயணப்பட்டு நேரில் பார்த்துக்கொண்டு, இடையில் ஆன்லைன் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். ஒலி தாமதமாகப் போவதால் இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. நீண்ட ஸ்வரத்தைச் செயலி இரைச்சல் என்று நினைத்து அமுக்கும். ஜூமில் இசைக்காரர்களுக்கென்றே ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்றொரு அமைப்பு உண்டு, அதைப் போட்டால் அந்தத் தொல்லை குறையும்.

“முதல்ல வாங்கிடுங்க, அப்புறம் சார் பார்த்துக்கலாம்”

செல்லோ முழு அளவில் மட்டும் வருவதில்லை. முக்கால், அரை, கால், அரைக்கால் என்று குழந்தை அளவுகள் இருக்கின்றன. ஆசிரியர் அளந்து சொல்லாமல், வளர்ந்ததும் சரியாகிவிடும் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கித்தருவது பாவாடை சட்டைக்கு ஒத்துவரும். இங்கே எட்டாத இடத்துக்கு விரலை இழுத்து இழுத்துக் கை கெடும். மலிவு விலைக் கருவிகளில் முறுக்காணி நிற்காது, தந்தி மிக உயரத்தில் நிற்கும். பிள்ளைக்கு வரவில்லை என்று வீட்டில் முடிவுகட்டும்போது குற்றவாளி பல சமயம் கருவிதான்.

ஆசிரியர் முடிவானதும் கட்டணம், தவறிய வகுப்புக்கு ஈடு, அவர் ஊரில் இல்லாத வாரங்களுக்கு என்ன கணக்கு என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளையானால் வகுப்பில் நீங்களும் உட்காரலாமா என்று கேளுங்கள். சுசுகி முறையில் பெற்றோர் கூடவே உட்கார்ந்து கவனிப்பதுதான் வழக்கம். காரணம் சொல்லாமல் கதவைச் சாத்துபவரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள்.