வீட்டு நீச்சல் குளத்துக்கு ஹீட்டர் வாங்கலாமா?

கிழக்குக் கடற்கரைச் சாலை வீடுகளிலும், கோவை, பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்ட பங்களாக்களிலும், பெங்களூரின் புறநகர் வில்லாக்களிலும் நீச்சல் குளத்தைப் பார்க்க முடிகிறது. மார்கழி பிறந்ததும் பிள்ளைகள் காலை நனைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் ஓடிவிடுவார்கள். அந்த வாரமே ஹீட்டர் பேச்சு ஆரம்பமாகும். வாங்கும்போது ஒரு பெரிய தொகை, பிறகு மாதாமாதம் கரண்ட் பில் என்று நீளும் செலவு இது. யாரோ சொன்னதை நம்பி அதில் இறங்கிவிடக் கூடாது.

நம்பிக்கை: மாடியில் இருக்கும் சோலார் ஹீட்டரிலிருந்து குளத்துக்கு ஒரு குழாய் இழுத்தால் போதும்.

போதவே போதாது. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.25 மீட்டர் ஆழம் உள்ள ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 40,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். 1,000 லிட்டரை 1 டிகிரி சூடாக்க சுமார் 1.16 யூனிட் வெப்பம் தேவை. அப்படியானால் இந்தக் குளம் ஒரே ஒரு டிகிரி ஏறுவதற்கு 46 யூனிட் வேண்டும். குளியலறைக்காக வைத்திருக்கும் 200 லிட்டர் சோலார் ஹீட்டர் நல்ல வெயில் நாளில் தருவது 8 யூனிட் அளவுதான். நீச்சல் குளத்துக்கென்று வேறு வகை சோலார் அமைப்பு உண்டு. கண்ணாடி போடாத கறுப்பு பிளாஸ்டிக் குழாய்ப் பாய்களைக் கூரையில் விரித்து, ஃபில்டர் மோட்டாரே தண்ணீரை அதன் வழியாகச் சுற்றிவரச் செய்யும். குளத்தின் பரப்பில் பாதி முதல் முழு அளவு வரை அதற்குக் கூரை இடம் வேண்டும். அவ்வளவு இடம் வெறுமனே கிடக்கிறவர்களுக்கு அது நல்ல வழி. பிறகு மோட்டார் ஓடும் செலவு மட்டும்தான்.

நம்பிக்கை: ஹீட்டர் இருந்தால் குளத்தை மூட வேண்டியதில்லை. விரிப்பு இலை தழை விழாமல் இருக்கத்தான்.

அதிகப் பணத்தை வீணாக்குவது இந்த நம்பிக்கைதான். திறந்தவெளிக் குளம் இழக்கும் வெப்பத்தில் பெரும்பகுதி, ஏறக்குறைய 70 சதவீதம், நீர் ஆவியாவதால் போகிறது என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. நம் குளத்தில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் நீர் குறைந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அது 160 லிட்டர். அந்த நீர் ஆவியாகும்போது தன்னோடு எடுத்துச் செல்லும் வெப்பம் 100 யூனிட்டைத் தாண்டும். அதாவது 2 டிகிரிக்கும் மேல். நீரைச் சூடாக்கச் சூடாக்க இந்த இழப்பும் கூடும்; காற்று வீசினால் இன்னும் கூடும். மூடாத குளத்தில் ஹீட்டர் ஓட்டினால், கட்டும் கரண்ட் காசில் பெரும்பங்கு ராத்திரியோடு ராத்திரியாக ஆகாயத்துக்குப் போய்விடும்.

குமிழ் குமிழாக இருக்கும் பிளாஸ்டிக் விரிப்பை மாலையில் போட்டுக் காலையில் எடுத்தால் இந்த இழப்பு வெகுவாக அடங்கும். சூடாக்கும் செலவு 50 முதல் 70 சதவீதம் வரை குறையும் என்பது அதே துறையின் மதிப்பீடு. தண்ணீரும் மிச்சம், குளோரினும் மிச்சம். கோடையில் டேங்கர் லாரிக்குக் காத்திருக்கும் ஊர்களில் தண்ணீர் மிச்சமாவது சின்ன விஷயமல்ல.

ஒன்றை மட்டும் பெற்றோர்கள் மறக்கக் கூடாது. இந்தக் குமிழ் விரிப்பு பிள்ளைகளைக் காக்கும் மூடி அல்ல. மேலே கால் வைத்தால் அமிழ்ந்துவிடும். அடியில் சிக்கிய குழந்தை வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. குளத்தைச் சுற்றி வேலியும், தானாகச் சாத்திக்கொள்ளும் கதவும் கட்டாயம் வேண்டும். பிள்ளைகள் தண்ணீரில் இறங்குமுன் விரிப்பை முழுவதும் சுருட்டி எடுத்துவிட வேண்டும்.

நம்பிக்கை: கீசர் மாதிரி கரண்ட் ஹீட்டர்தான் மலிவு.

வாங்கும் விலையில் மலிவுதான். ஆனால் நம் குளத்தை 5 டிகிரி ஏற்ற அது 230 யூனிட்டுக்கு மேல் தின்னும். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால் ஒரு தடவைக்கு 2,300 ரூபாய். இரவில் ஆறுவதை ஈடுகட்டும் செலவு தனி. ஹீட் பம்ப் என்பது ஏ.சி.யைத் திருப்பிப் போட்டதுபோல வேலை செய்யும் கருவி. காற்றிலிருக்கும் வெப்பத்தை இழுத்து நீருக்குத் தருவதால், 1 யூனிட் மின்சாரத்துக்கு 4, 5 யூனிட் வெப்பம் கிடைக்கும். 2,300 ரூபாய் வேலை 500 ரூபாய் அளவில் முடியும். காற்று 10 டிகிரிக்குக் கீழே போனால் அதன் திறன் வெகுவாகக் குறையும். நம் சமவெளி ஊர்களில் அந்தக் குளிர் கிடையாது. கடலோர வீடுகளில் உப்புக்காற்று அதன் வெளிப்புறத் தகடுகளை அரிக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நம்பிக்கை: அணைத்து அணைத்துப் போட்டால் செலவு அதிகம், எப்போதும் ஓடவிடுவதே சிக்கனம்.

தவறு. சூடாக வைத்திருக்கும் நேரமெல்லாம் வெப்பம் கசிந்துகொண்டே இருக்கும். வாரக் கடைசியில் மட்டும் நீந்துகிறவர்கள் நடுவில் அணைத்துவிடலாம். 10 கிலோவாட் வெப்பம் தரும் பம்ப்புக்கு 5 டிகிரி ஏற்ற ஒரு நாள் முழுக்க, சில சமயம் அதற்கும் மேல், ஆகும் என்பதால் முன்கூட்டியே போட வேண்டும், அவ்வளவுதான்.

நம்பிக்கை: குளிர்காலம் வந்தால் எந்த ஊர்க் குளத்துக்கும் ஹீட்டர் வேண்டும்.

நீந்துவதற்கு 26 முதல் 28 டிகிரி வரை போதும். சிறு பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் அதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக இருந்தால் நல்லது. குளிர்ந்த நீரில் இறங்கினால் சளி பிடிக்கும் என்ற பயத்தில் வாங்க வேண்டாம். சளியைத் தருவது வைரஸ். சென்னையிலும் கடலோரத்திலும் நாள் முழுக்க வெயில் படும் குளத்துக்கு ஹீட்டர் தேவையே இல்லை, விரிப்பு போதும். மே மாதத்தில் அங்கே நீரைக் குளிர்விக்கத்தான் வழி தேட வேண்டியிருக்கும். கோவையிலும் பெங்களூரிலும் முதலில் விரிப்பு வாங்கி ஒரு குளிர்காலம் பார்க்கலாம். அப்புறமும் தினம் காலையில் நீந்த ஆசை இருந்தால் ஹீட் பம்ப் தகும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் திறந்தவெளிக் குளத்தைச் சூடாக்குவது வீண். கூரையும் சுவரும் உள்ள குளமாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கடைக்குப் போகுமுன் மிதக்கும் தெர்மோமீட்டர் ஒன்றை வாங்கி, டிசம்பர், ஜனவரியில் தினமும் காலையில் நீரின் வெப்பத்தைக் குறித்து வையுங்கள். விற்பனையாளர் சொல்லும் திறன் பெரும்பாலும் காற்று 26, 27 டிகிரி இருக்கும்போது அளந்த எண். 15 டிகிரியில் எவ்வளவு தரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் வேறு கடை பாருங்கள்.